விமானத்தை மாற்றிவிட்டோம் என்று செய்தி வந்தால்

"உங்கள் விமானத்தின் நேரம் மாறியுள்ளது, வேறு விமானத்தில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று பெரிதாக ஒரு பொத்தானும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வழிகளும் இருக்கும். பதற்றத்தில் பலரும் பெரிய பொத்தானை அழுத்திவிட்டு, சரி, பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பாதிப் பிரச்சினை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்தச் செய்தியில் இருப்பது விமான நிறுவனம் தன் வசதியைப் பார்த்து முன்வைக்கும் ஒரு யோசனை மட்டுமே. அதை ஏற்கலாம், வேறு விமானம் கேட்கலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எதைச் செய்தாலும் அழுத்துவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில, அழுத்திய பிறகு சரிபார்க்க வேண்டியவை சில இருக்கின்றன, அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

முதலில் தாமதம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் காரணம் என்ன என்பதை வைத்துத்தான் பிறகு நம் உரிமையும் தீர்மானமாகிறது. உள்நாட்டில் பறக்கும் ஒரு ஏ320 விமானம் ஒரு நாளைக்கு ஐந்தாறு பயணம் செய்யும். காலையில் டெல்லியில் பனிமூட்டத்தால் இரண்டு மணி நேரம் தாமதமானால், அதே விமானம் மதியம் சென்னைக்கும் மாலையில் கோவைக்கும் தாமதமாகத்தான் வரும், கோவையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் சரி. விமானத் துறையில் ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு குறியீட்டு எண் பதிவு செய்வார்கள், உலகம் முழுக்க ஒரே மாதிரியான எண்கள். அதில் 93 என்றால் 'வர வேண்டிய விமானம் தாமதமாக வந்தது' என்று பொருள். நம் ஊர் நிலையத்தில் நாம் சந்திக்கும் தாமதங்களில் பெரும்பங்கு இந்த வகைதான். அதனால் பலகையில் 'சரியான நேரம்' என்று போட்டிருந்தாலும், உங்கள் விமானம் எந்த ஊரிலிருந்து வர வேண்டும், அங்கிருந்து கிளம்பிவிட்டதா என்று ஃப்ளைட்ரேடார்24 மாதிரியான செயலியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விமானம் இன்னும் புனேவில் நின்றுகொண்டிருந்தால், உங்கள் விமானம் இன்னும் 40 நிமிடத்தில் கிளம்பாது.

இதோடு சேர்வதுதான் விமானிகளின் பணிநேர வரம்பு. விமானியும் பணிப்பெண்களும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அது நம் உயிரைக் காப்பாற்றும் சட்டம், அதில் சலுகை கேட்பது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் காலைத் தாமதம் மாலை வரை நீளும்போது குழுவினரின் நேரம் முடிந்துவிடும், மாற்றுக் குழு இல்லையென்றால் விமானம் ரத்து. அப்போது வாயிலில் நிற்பவர் 'வானிலை காரணம்' என்றுதான் சொல்வார், ஏனென்றால் காலையில் பனிமூட்டம் இருந்தது உண்மைதான். ஆனால் ரத்தானதற்கு நேரடிக் காரணம் குழு இல்லாதது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு இழப்பீட்டில் பணமாகத் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

2025 டிசம்பரில் இந்தியா முழுக்க நடந்ததும் இந்த இடத்தில்தான் உடைந்தது. விமானிகளின் பணிநேரம் குறித்த புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது முதல் கட்டத்தில், இந்த இரண்டாம் கட்டத்தில் ஒரு விமானி இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இதற்கு வேண்டிய அளவு விமானிகளை இண்டிகோ தயார் செய்திருக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் அட்டவணை சரிந்தது, டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அரசு இரவுப் பணி விதிகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தது, பிறகு அதன் அட்டவணையில் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது. விதி வரப்போவது கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம், அப்படியிருந்தும் அந்தச் சுமை கடைசியில் விமான நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் விழுந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அந்த வாரத்தில் தெரிந்த இன்னொரு விஷயம்: பணத்தைத் திருப்பி வாங்குவது எப்போதும் நல்ல முடிவு இல்லை. ரத்தானதும் பலர் உடனே 'பணம் திரும்ப வேண்டும்' என்று அழுத்திவிட்டு, வேறு நிறுவனத்தில் தேடினால் கட்டணம் பல மடங்காக ஏறியிருந்தது. அரசு டிசம்பர் 6 அன்று உச்சவரம்பு போட வேண்டி வந்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. ரத்தான விமானங்களுக்கான பணத்தை டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் திருப்பித் தர வேண்டும், பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் வீட்டில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. நீங்கள் பணத்தைக் கேட்ட நொடியில் உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தின் கையைவிட்டுப் போகிறது. அதனால் ஊர் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், வேறு டிக்கெட் கைக்கு வரும் வரை மாற்று இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். போக வேண்டிய காரணமே முடிந்துவிட்டது, கல்யாணம் காலையிலேயே முடிந்துவிட்டது என்றால் மட்டும் தயங்காமல் பணத்தைக் கேளுங்கள்.

இப்போது அந்தத் தானியங்கி மாற்றத்துக்கு வருவோம். ஒரு விமானம் ரத்தானால் 180 பேருக்கு ஒவ்வொருவராக யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை, ஒரு மென்பொருள் சில நொடிகளில் எல்லோரையும் அடுத்தடுத்த விமானங்களில் பிரித்துப் போடுகிறது. நிறுவனத்தின் அடிக்கடி பயணிப்போர் திட்டத்தில் உறுப்பினர் தகுதி உயர்ந்தவர்கள், அதிகக் கட்டணம் கொடுத்தவர்கள், மேற்கொண்டு இணைப்பு விமானம் உள்ளவர்கள் என்று வரிசை வைத்திருப்பார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் அந்த வரிசை மாறும். மென்பொருளுக்கு உங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரியாது. பொதுவாகத் தன் சொந்த விமானங்களில்தான் முதலில் தேடும். மதுரைக்குப் போக வேண்டியவரை நாளை மாலை விமானத்தில் போடும். இன்றிரவே திருச்சிக்கு ஒரு விமானம் இருக்கிறது, அங்கிருந்து இரண்டரை மணி நேரத்தில் பேருந்தில் மதுரை போய்விடலாம் என்பது அதற்குத் தோன்றாது. ஆனால் கவுண்டரில் இருப்பவரிடம் கேட்டால் செய்து கொடுக்க முடியும். 'ஏதாவது பண்ணுங்க' என்று கேட்பதைவிட, விமான எண்ணோடு 'இந்த விமானத்தில் இடம் இருக்கிறது, இதில் போடுங்கள்' என்று கேட்பவருக்குத்தான் வேலை நடக்கிறது, ஏனென்றால் எதிரில் இருப்பவருக்கும் நேரமில்லை. வரிசையில் நின்றபடியே வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கும் பேசுங்கள், எது முதலில் கிடைக்கிறதோ அது.

மாற்றச் சொல்லும்போது ஒரு நுணுக்கம் உண்டு. நிறுவனம் தானாக மாற்றினால் அது கணினியில் 'பயணி கேட்காத மாற்றம்' என்று பதிவாகும், அதற்குக் கட்டணம் கிடையாது, கட்டண வித்தியாசமும் கிடையாது. ஆனால் நீங்களே செயலியில் வழக்கமான 'பயணத்தை மாற்று' என்ற இடத்துக்குள் போய்த் தேதி மாற்றினால், அது நீங்களாக விரும்பிச் செய்த மாற்றமாகப் பதிவாக வாய்ப்புண்டு, பிறகு கட்டணமும் கேட்பார்கள், இழப்பீட்டைப் பற்றிப் பேசினால் 'நீங்கள்தானே மாற்றினீர்கள்' என்பார்கள். எப்போதும் நிறுவனம் அனுப்பிய இணைப்பு வழியாகவே மாற்றுங்கள், அல்லது ஊழியரிடம் சொல்லி மாற்றுங்கள், அந்த முதல் செய்தியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றம் முடிந்தது, புது விமான எண் வந்துவிட்டது. இங்கேதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத சங்கதி இருக்கிறது. உங்கள் பயணம் நிறுவனத்தின் கணினியில் இரண்டு தனித்தனிப் பதிவுகளாக இருக்கிறது. ஒன்று பிஎன்ஆர் என்று நாம் சொல்லும் ஆறு எழுத்துப் பதிவு, அது உங்களுக்கு எந்த விமானத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறது என்று சொல்கிறது. இன்னொன்று 13 இலக்க மின் டிக்கெட் எண், அது நீங்கள் எதற்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்று சொல்கிறது. முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிக்கும், ஏர் இந்தியாவுக்கு 098, ஸ்ரீலங்கனுக்கு 603, லுஃப்தான்சாவுக்கு 220. கல்யாண மண்டபத்தின் பதிவேட்டில் தேதியை மாற்றி எழுதிவிட்டு, ரசீதில் பழைய தேதியையே விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? மென்பொருள் உங்களை மாற்றும்போது பிஎன்ஆர் உடனே மாறிவிடும், ஆனால் டிக்கெட்டைப் புது விமானத்துக்கு ஏற்றபடி மறுபடி வெளியிடும் வேலை சில நேரம் தானாக நடக்காது, குறிப்பாக இரண்டு நிறுவனங்கள் சேர்ந்த பயணமாக இருந்தால், அல்லது முகவர் மூலம் வாங்கிய டிக்கெட்டாக இருந்தால். செயலியில் எல்லாம் பச்சையாகத் தெரியும், விமான நிலையத்தில் போய் நின்றால் 'இடம் இருக்கிறது, டிக்கெட் இல்லை' என்பார்கள்.

இதைத் தவிர்க்க ஒரே கேள்வி போதும். 'டிக்கெட் புதுசா இஷ்யூ ஆயிடுச்சா, டிக்கெட் நம்பர் சொல்லுங்க' என்று கேளுங்கள். மறுபடி வெளியிட்டிருந்தால் பெரும்பாலும் புது 13 இலக்க எண் வரும், அல்லது பழைய எண்ணிலேயே புது விமானம் இணைக்கப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்த பயணம் என்றால் உங்களை ஏற்றிச் செல்லப்போகும் நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள், அவர்களிடம் உங்களுக்கென்று தனியாக வேறு ஒரு பிஎன்ஆர் இருக்கும். டிக்கெட்டைச் சரிசெய்ய விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போது முடியும், கடைசி 50 நிமிடத்தில் கவுண்டரில் நின்றுகொண்டு செய்வது கடினம்.

அப்புறம் திரும்பி வரும் பயணம். போய் வர ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், முதல் பயணத்தில் நீங்கள் ஏறவில்லை என்று பதிவானாலே மீதியெல்லாம் தானாக ரத்தாகிவிடும். தாமதத்தால் நீங்களே பேருந்திலோ ரயிலிலோ போய்விட்டால், நிறுவனத்திடம் சொல்லி அதைப் பதிவு செய்யாமல் போகாதீர்கள். இரவு ரயிலைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும் விமானத்துக்குப் போனால் டிக்கெட் செல்லாது என்று தெரிந்துகொள்வது மிகவும் வேதனையான விஷயம்.

கூடுதலாகப் பணம் கட்டியவை, கேட்டு வைத்தவை எல்லாம் தனிக் கதை. ஜன்னல் இருக்கை, கூடுதல் பெட்டி, முன்பதிவு செய்த சாப்பாடு ஆகியவை புது விமானத்துக்குத் தானாக வந்து சேரும் என்று நம்ப வேண்டாம். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வீல்சேர். மகனையோ மகளையோ பார்க்க வயதான அப்பா அம்மா தனியாக வெளிநாடு போகும்போது, நாம் முன்கூட்டியே வீல்சேர் கேட்டு வைத்திருப்போம். விமானம் மாறும்போது அந்தக் கோரிக்கை விழுந்துவிடக்கூடும், குறிப்பாக இடையில் இறங்கி மாறும் ஊரும் மாறினால். மொழி தெரியாத ஊரில், முட்டிவலியோடு ஒருவர் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்கு நடக்க வேண்டி வருவது சாதாரண விஷயம் இல்லை. மாற்றம் நடந்ததும் முதலில் வீல்சேரைச் சரிபாருங்கள், இருக்கை எல்லாம் அப்புறம். குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே விமானத்தில்தான் இருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும், இடம் போதாவிட்டால் மென்பொருள் ஒரே பிஎன்ஆரை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு விமானத்தில் போட்டுவிடும். பிள்ளைகள் இருந்தால் அதைச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் ஒன்று. நேராகச் சென்னைக்கு வர வேண்டிய விமானத்தை மாற்றி 'டெல்லி வழியாக' என்று போட்டால், காகிதத்தில் இரண்டு மணி நேரக் கூடுதல் பயணம் என்றுதான் தெரியும். ஆனால் பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடியேற்றச் சோதனையும் சுங்கமும், பெட்டியையும் அங்கேயே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். துபாயில் வாங்கிய பாட்டில் கைப்பையில் இருந்தால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும், டெல்லியில் பெட்டி கைக்கு வந்ததும் அதில் வைத்துப் பூட்டிவிடுங்கள். டெல்லியில் ஒன்றரை மணி நேர இடைவெளி கொடுத்திருந்தால் அதை ஏற்காதீர்கள், மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் கேளுங்கள். வழி மாறினால் விசாவும் மாறலாம். லண்டன் வழியாகப் போட்டால் இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் பொதுவாக ட்ரான்சிட் விசா வேண்டும், அமெரிக்க விசாவோ கனடா விசாவோ இருந்தால் விலக்கு உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின்) விமான நிலையத்தில் மாறுவதற்கே விசா கேட்கப்படும் பட்டியலில் இருக்கிறார்கள், அங்கும் இதே மாதிரி விலக்குகள் உண்டு. மென்பொருள் உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. விசா இல்லாமல் போய் நின்றால் ஏற்ற மாட்டார்கள்.

இந்தியாவில் நமக்கு என்ன உரிமை? இதை நிர்ணயிப்பது விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ வெளியிட்ட விதி, 2010 ஆகஸ்டில் வந்தது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. இதில் முதலில் மனதில் வைக்க வேண்டியது, இந்தியாவில் வெறும் தாமதத்துக்குப் பண இழப்பீடு கிடையாது. ஐரோப்பாவில் கிடைக்கிறதே என்று கேட்டால் பதில் இல்லை, இங்கே சட்டம் அப்படி. தாமதத்துக்குக் கிடைப்பது சாப்பாடு, மாற்று விமானம் அல்லது பணம் திரும்ப, சில நேரம் ஹோட்டல். இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும், சென்னையிலிருந்து டெல்லி மாதிரி இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும் பயணத்துக்கு 3 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 4 மணி நேரம். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் வேறு விமானமா முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஹோட்டல், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் என்றால் 6 மணி நேரத்தைத் தாண்டினாலே ஹோட்டல், போய் வர வண்டியும் சேர்த்து.

ரத்துக்குப் பணம் உண்டு, ஆனால் முன்கூட்டியே சொல்லாமல் ரத்து செய்தால்தான். அட்டவணைப்படி பயண நேரம் 1 மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. சென்னையிலிருந்து மதுரைக்கு 7,500 ரூபாய் வகை. இதில் ஒரு பிடி இருக்கிறது: அந்தத் தொகையா, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையா, எது குறைவோ அதுதான். 3,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்தவருக்கு 7,500 வராது. ஒரே டிக்கெட்டில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். உங்கள் சரியான தொலைபேசி எண்ணை நீங்கள் கொடுக்கவில்லை என்றால் இழப்பீடே கிடையாது. முகவர்களோ இணையதளங்களோ தங்கள் எண்ணைப் போட்டுவிடும் பழக்கம் இருப்பதால், டிக்கெட் எடுத்த கையோடு நிறுவனத்தின் தளத்தில் போய் உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

இடம் அதிகமாக விற்றுவிட்டு, ஏற வந்தவரை ஏற்றாமல் விடுவது வேறு கணக்கு, இதற்குத்தான் இந்திய விதியில் பெரிய தொகை இருக்கிறது. மாற்று விமானம் 1 மணி நேரத்துக்குள் கிளம்பினால் ஒன்றுமில்லை, 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணத்தில் இரண்டு மடங்கும் எரிபொருள் கட்டணமும், உச்சம் 10,000 ரூபாய். 24 மணி நேரத்தையும் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சம் 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் முழுப் பணத்தோடு அந்த நான்கு மடங்கும் கிடைக்கும். 'அடுத்த விமானத்தில் அனுப்புகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்' என்று தரும் தாளில், நீங்களாக விரும்பி விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள்.

இழப்பீட்டுக்குப் பொதுவான விலக்கு ஒன்று உண்டு: நிறுவனத்தின் கையை மீறிய அசாதாரணக் காரணம். பனிமூட்டம், புயல், கலவரம், அரசு உத்தரவு, வான்வழிக் கட்டுப்பாட்டு அறையின் தடை எல்லாம் இதில் வரும். 2015 வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் இயங்கின, 2023 மிக்ஜாம் புயலிலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் ஓடுதளம் மூடப்பட்டது. இப்படிப்பட்ட நாளில் இழப்பீடு கேட்பதில் நியாயமில்லை, நானும் கேட்க மாட்டேன். ஆனால் விமானம் ரத்தானால் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது இழப்பீடு அல்ல, அதற்கு எந்தப் புயலும் விலக்கு இல்லை. அந்தப் பணத்தை நிறுவனத்தின் கணக்கிலேயே வரவாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதும் நம் விருப்பம், அவர்களாக வைத்துக்கொள்ளக் கூடாது. முகவர் வழியாக வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான் என்று விதி தெளிவாகச் சொல்கிறது, 'முகவரைக் கேளுங்கள்' என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள்.

நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இண்டிகோ வழக்கில் சொன்ன தீர்ப்பைப் படிக்கலாம். 2007 டிசம்பரில் டெல்லியிலிருந்து ஹைதராபாத் போக வேண்டிய விமானம் பனிமூட்டத்தில் சிக்கிப் பல மணி நேரம் தாமதமானது. தாமதம் நிறுவனத்தின் கையை மீறியது என்று ஏற்றுக்கொண்டு கீழ் மன்றம் கொடுத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் குறைந்த கட்டண நிறுவனம் என்பதால் பயணிகளை விமானத்துக்குள் மணிக்கணக்கில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பாடு கொடுக்காமல் இருக்க முடியாது என்றும், வழக்குகள் டெல்லியில்தான் நடக்கும் என்ற டிக்கெட் நிபந்தனை ஹைதராபாத்தின் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைத் தடுக்காது என்றும் சொன்னது. பணம் கிடைக்காத தீர்ப்புதான், ஆனாலும் பயணிகளுக்கு உதவும் தீர்ப்பு.

ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் போய் வருபவர்கள் நிலை முற்றிலும் வேறு. 2005 பிப்ரவரியிலிருந்து அமலில் உள்ள ஐரோப்பிய விதிப்படி 3,500 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ, 3 முதல் 4 மணி நேரம் என்றால் அதில் பாதி. பிரிட்டன் இதே விதியைத் தனக்கென வைத்துக்கொண்டது, அங்கே 520 பவுண்டு. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும், ஐரோப்பாவுக்கு வரும் விமானம் என்றால் ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்துக்கு மட்டும். ஆகவே பாரிஸிலிருந்து துபாய் வழியாகச் சென்னை வரும்போது எமிரேட்ஸும் கொடுக்க வேண்டும், சென்னையிலிருந்து பாரிஸ் போகும்போது கொடுக்க வேண்டியதில்லை. சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவில் போனாலும், லண்டனுக்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸில் போனாலும் இந்த உரிமை உண்டு. லண்டனிலிருந்து கொழும்பு வழியாகத் திருச்சிக்கு ஒரே டிக்கெட்டில் வருபவர் கொழும்பில் இணைப்பைத் தவறவிட்டு மறுநாள் திருச்சி சேர்ந்தால், கணக்கு கடைசியாகச் சேர்ந்த நேரத்தை வைத்துத்தான். சாதாரண இயந்திரக் கோளாறு அசாதாரணக் காரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008லேயே சொல்லிவிட்டது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் 2010ல் வானத்தை மூடியபோதுகூடச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமைதான் என்று 2013ல் அதே நீதிமன்றம் சொன்னது. லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் தாமதத்துக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் 2024 அக்டோபர் முதல், உள்நாட்டில் 3 மணி நேரமும் வெளிநாட்டுப் பயணத்தில் 6 மணி நேரமும் தாண்டி மாறினால், புதிய பயணத்தை நீங்கள் ஏற்காதபோது முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். அங்கும் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

இவ்வளவும் ஒரே டிக்கெட்டாக எடுத்தவர்களுக்குத்தான் முழுசாகப் பொருந்தும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்தில், சென்னையிலிருந்து தோஹாவுக்கு இன்னொரு நிறுவனத்தில் என்று தனித்தனியாகச் சேமிப்புக்காக வாங்கினால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் எந்த வகையிலும் பொறுப்பில்லை, நீங்கள் வராதவர் என்று பதிவாகி டிக்கெட் போய்விடும். அப்படி வாங்குவதாக இருந்தால் இடையில் ஒரு இரவு விடுங்கள், அல்லது மதுரையிலிருந்து ரயிலில் முந்தின நாளே கிளம்பிவிடுங்கள்.

வராதவர் என்று டிக்கெட் போனாலும், திரும்பக் கிடைக்காத டிக்கெட் என்றாலும், அதில் உள்ள அரசு வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் இந்தியாவில் திரும்பக் கிடைக்க வேண்டியவை. கேட்டால்தான் தருவார்கள், அதனால் கேளுங்கள்.

எதைக் கேட்பதாக இருந்தாலும் ஆதாரம் வேண்டும். ரத்து அல்லது தாமதத்தின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலில் கேட்டாலே போதும், பதிலில் 'இயக்கக் காரணங்கள்' என்று வந்தால் அது வானிலை இல்லை என்பதற்கான துருப்புச்சீட்டு. போர்டிங் பாஸ், பெட்டியின் ஒட்டுச்சீட்டு, வாங்கிய சாப்பாட்டின் ரசீது, டாக்ஸி ரசீது எல்லாவற்றையும் வைத்திருங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் தாமதத்தால் உண்மையில் ஏற்பட்ட செலவை மான்ட்ரியல் ஒப்பந்தம் என்ற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தத்தின் கீழ் கேட்கலாம், இந்தியா 2009ல் அதில் சேர்ந்தது, ஆனால் அதற்கு ரசீது இல்லாமல் ஒன்றும் நடக்காது, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள், பதில் திருப்தியில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே போடலாம். கால வரம்பு இங்கும் இரண்டு ஆண்டு. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரிட்டனின் 520 பவுண்டுக்கு இங்கிலாந்தில் 6 ஆண்டு வரை அவகாசம் உண்டு, ஐரோப்பிய விதியின் கீழ் பிரான்சில் 5 ஆண்டு, ஜெர்மனியில் பயணம் செய்த ஆண்டு முடிந்ததிலிருந்து 3 ஆண்டு. போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ நடந்த தாமதத்துக்கும் இன்று எழுதலாம்.